அறுநூற்றுப் பன்னிரண்டாவது வாக்கியம்

குழல்வாய்மொழியின் ஆய்வேட்டில் இரண்டாயிரத்து நூற்றுப் பதினான்கு வாக்கியங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று அவள் பல்கலைக்கழகத்துக்குச் சொல்லியாக வேண்டும். எழுதிக் கொடுத்தால் போதாது. கண்ணாடி அறையில் தலைக்கு ஒரு தொப்பியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, முதல் வாக்கியத்திலிருந்து கடைசி வாக்கியம் வரை வாய்விட்டு வாசிக்க வேண்டும்.

அந்தக் கருவிக்கு அரசு வைத்த பெயர் மூலங்காணி. பெயரைக் கேட்ட நாளிலிருந்து மாணவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "மூலத்துக்குப் பாக்கப் போறியா? வலிக்குமா?" என்று விடுதியில் ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொண்டார்கள். ஆனால் அறைக்குள் போய்வந்தவர்கள் அவ்வளவாகச் சிரிப்பதில்லை.

எழுதித் தரும் செயலிகள் பெருகிப்போய், யார் எழுதியது எது என்று யாராலும் சொல்ல முடியாமல் போன பிறகு வந்த சட்டம் அது. பழைய மென்பொருள்கள் எழுத்தை எழுத்தோடு ஒப்பிட்டன. மூலங்காணி எழுத்தைப் பார்ப்பதே இல்லை. வாசிக்கும் ஆளின் மூளையில் அந்த வாக்கியம் எந்த நினைவைத் தொட்டு எழுப்புகிறது என்பதைத்தான் பார்க்கும். கண்ணால் படித்ததா, காதால் கேட்டதா, தானாகத் தோன்றியதா என்று மூன்று விதமாகப் பிரித்துத் திரையில் காட்டும்.

முதல் இரண்டு நாளும் நல்லபடியாகவே போயின. நூல், இதழ்க் கட்டுரை, அரசு அறிக்கை, செய்தித்தாள், நேர்காணல் என்று வரிசையாக வந்தது. அவள் கொடுத்திருந்த மேற்கோள் பட்டியலோடு எல்லாம் பொருந்தியது. ஒரே ஒரு வாக்கியத்தில் மட்டும் சின்ன வேடிக்கை. ஏதோ ஒரு பெரிய இதழில் படித்ததாக அவள் நினைத்திருந்த மழை விவரம், தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் படித்தது என்று தெரிந்தது. கருவியை இயக்கும் ஜோஸ்பின் அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"காலண்டருக்கும் ஒரு வரி போட்டுரும்மா. எந்தக் கடை காலண்டர்னு ஞாபகம் இருக்கா?"

"ஒரு நகைக்கடைன்னு நெனைக்கேன் எக்கா."

"போடு, போடு. அவங்களும் சந்தோசப்படுவாங்க."

மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்கு அவள் அறுநூற்றுப் பன்னிரண்டாவது வாக்கியத்துக்கு வந்தாள். ஆய்வேட்டின் உயிரே அதுதான். மீதி இரண்டாயிரம் வாக்கியங்களும் அந்த ஒன்றைத் தாங்குவதற்காகவே எழுதப்பட்டவை.

"கடலோரக் கிணறுகளில் நீர் உப்பாவதற்கு ஓரிரு ஆண்டுகளுக்கு முன்பே அங்குள்ள தவளைகளின் ஓசை குறைந்து நின்றுவிடுகிறது, ஆகவே ஓசையைப் பதிவு செய்தே உப்பேற்றத்தை முன்கூட்டி அறியலாம்," என்று வாசித்தாள்.

'சொந்தம்' என்று திரையில் வரும் என்று காத்திருந்தாள். வேறு வந்தது.

காதால் கேட்டது. பேசியவர் ஒருவர். இடம்: ஓடும் வண்டி.

ஜோஸ்பின் நிமிர்ந்து பார்த்தாள். "யார்ம்மா சொன்னது இதை?"

"யாரும் சொல்லலையே. இது என்னோடதுக்கா."

திரையின் ஓரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"கருவி ஆள் பேரைச் சொல்லாதும்மா. நீதான் சொல்லணும். சரியாச் சொன்னா பச்சை எரியும்."

"எனக்கு ஞாபகம் இல்ல."

மறுபடி சிவப்பு. ஜோஸ்பின் நாற்காலியை நகர்த்திக்கொண்டு அருகில் வந்து, குரலைத் தாழ்த்திப் பேசினாள். "இங்க பாரு. நெசமாவே மறந்துபோச்சுன்னா மஞ்சள்தான் எரியும். மறதி குத்தமில்ல, சட்டத்துலயே அதுக்கு இடம் இருக்கு. எத்தனையோ பேருக்கு மஞ்சள் எரிஞ்சிருக்கு. இது சிவப்பு. உள்ளுக்குள்ள ஒனக்குத் தெரியும்னு அர்த்தம்."

"எழுதும்போது எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா."

ஜோஸ்பின் திரையின் கடைசி வரியைக் காட்டினாள். எழுதிய நேரத்து நிலை: நினைவில் இருந்தது.

"நீ எழுதுனதும் ஒரு நினைவுதானம்மா. அதை எழுதுறப்போ எந்தப் பேச்சு உள்ள ஓடுச்சோ, அதுவும் கூடவே ஒட்டிக்கிட்டு இருக்கும். அதைத்தான் இது பாக்குது."

குழல்வாய்மொழி கண்ணை மூடினாள். திசையன்விளையிலிருந்து வரும் மதியப் பேருந்து, ஜன்னலோர இருக்கை, மடியில் கிணற்று நீர் மாதிரிகள் அடைத்த புட்டிகள், காற்றில் பறக்கும் முடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, நான் ஒண்ணு யோசிச்சேன், சிரிக்கக் கூடாது," என்று ஆரம்பித்த குரல். எல்லாம் நேற்று நடந்தது போல அப்படியே இருந்தது. அது ஒரு நாளும் அவளை விட்டுப் போனதில்லை. அந்தப் பக்கம் திரும்பாமல் இருக்கப் பழகியிருந்தாள், அவ்வளவுதான்.

"இசக்கியம்மாள்," என்றாள்.

பச்சை எரிந்தது.

*

குழல்வாய்மொழியும் இசக்கியம்மாளும் முதுகலையில் ஒரே வகுப்பு, விடுதியில் ஒரே அறை. குழல்வாய்மொழி தென்காசி. தாய் தகப்பன் இருவரும் ஆசிரியர்கள். இசக்கியம்மாள் உவரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள். யோசனைகள் அவளுக்கு வந்துகொண்டே இருக்கும். எழுதுவதில்தான் தாமதம். ஒரு பத்தியை நாலு நாள் வைத்துத் திருத்துவாள். குழல்வாய்மொழி உட்கார்ந்தால் எழுதி முடித்துவிட்டுத்தான் எழுவாள்.

பேருந்தில் இசக்கியம்மாள் தவளை யோசனையைச் சொன்ன இரண்டாவது மாதம், பேராசிரியர் தெய்வசிகாமணியோடு சேர்ந்து குழல்வாய்மொழி ஒரு சிறு கட்டுரை வெளியிட்டாள். மாணவர் கருத்தரங்கில் அதற்குப் பரிசு கிடைத்தது. அனுப்புவதற்கு முன் இசக்கியம்மாளிடமும் படிக்கக் கொடுத்தாள். இசக்கியம்மாள் படித்துவிட்டு, இரண்டு எழுத்துப்பிழைகளைத் திருத்தி, "நல்லா எழுதியிருக்கட்டி," என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்பாள் என்று குழல்வாய்மொழி அன்று முழுவதும் பயந்துகொண்டிருந்தாள். கேட்காதது நிம்மதியாக இருந்தது. நாளாக ஆக அந்த நிம்மதி, யோசனை தன்னுடையதுதான் என்ற நம்பிக்கை மாதிரி ஆகிவிட்டது.

ஆண்டு இறுதியில் இசக்கியம்மாள் தன் முதுகலை ஆய்வேட்டைக் கொடுத்தாள். அதன் நான்காம் இயல் முழுவதும் தவளைகள். பழைய மென்பொருள் அதை அச்சில் வந்திருந்த குழல்வாய்மொழியின் கட்டுரையோடு ஒப்பிட்டு, கருத்துத் திருட்டு என்று சொன்னது. விசாரணைக் குழு கூடியது. தலைவர் தெய்வசிகாமணி. குழல்வாய்மொழியையும் சாட்சியாகக் கூப்பிட்டார்கள்.

"இந்தப் பொருளைப் பற்றி இவங்க உங்ககிட்ட முன்னாடி எப்பவாவது பேசியிருக்காங்களா?"

மேசையின் மறுபக்கத்திலிருந்து இசக்கியம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஞாபகம் இல்லை சார்," என்றாள் குழல்வாய்மொழி.

ஆய்வேடு நிராகரிக்கப்பட்டது. பட்டம் கிடைக்கவில்லை. இசக்கியம்மாள் அன்று மாலையே பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். குழல்வாய்மொழி நாலைந்து தடவை போன் செய்தாள். எடுக்கவில்லை. கோபமாக இருக்கிறாள் என்று நினைத்து விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு ஆறு வருடம் தவளைச் சத்தத்தை வைத்தே முனைவர் பட்ட ஆய்வு செய்தாள்.

*

அவளுடைய ஆய்வு நெறியாளரும் தெய்வசிகாமணிதான். மூலங்காணியின் அறிக்கையை அவர் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பதினைஞ்சு நாள் டயம் இருக்கு. பதறாதே," என்றார். "காதால் கேட்ட மூலம்னா, சொன்னவங்க கையெழுத்து வேணும். அவங்க சம்மதிச்சா 'நேர்ப்பேச்சு'ன்னு மேற்கோள் காட்டிட்டுப் போயிடலாம். ஒண்ணும் பிரச்சினை இல்லை."

"நினைவில் இருந்ததுன்னு வந்திருக்கே சார்."

"அதுக்கும் வழி இருக்கு." மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "மறதிப் படிவம். பேசினது உண்மை, ஆனா கேட்டவங்களுக்கு அது மறந்துபோச்சுன்னு ரெண்டு பேரும் ஒப்புக்கிட்டா, கருவி சொன்னதைத் தள்ளிடலாம். கருவியைவிட மனுஷங்க ரெண்டு பேர் சொல்றதுக்குத்தான் சட்டத்துல மதிப்பு. அவகிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வா."

"சார், அன்னைக்குக் குழுவில நீங்க கேட்டப்போ..."

"நான் கேட்டேன். நீ பதில் சொன்னே. அதை வச்சு முடிவு எடுத்தோம்." அவர் குரல் உயரவில்லை. "உனக்கு அடுத்த மாசம் உதவிப் பேராசிரியர் நேர்முகத் தேர்வு. துறையில உனக்காகத்தான் அந்த இடத்தை வச்சிருக்கோம். அந்தப் பொண்ணுக்கு இனிமே இதனால ஆகப்போறது என்ன? யோசிச்சுப் பாரு."

குழல்வாய்மொழி யோசித்தாள். படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

*

திசையன்விளை பேருந்து நிலையத்துக்கு எதிர்வரிசையில் மாடியில் இருந்தது அந்த டி.டி.பி. கடை. படியேறும் இடத்தில் ஒரு தட்டி: 'ஆய்வேடு, புராஜெக்ட் அச்சிடப்படும். மேற்கோள் பட்டியல் சரிசெய்து தரப்படும்.'

இசக்கியம்மாள் கணினி முன் உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள். பக்கத்தில் பி.எட். படிக்கும் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். குழல்வாய்மொழி வாசலிலேயே நின்றாள்.

"இது புத்தகம். ஆசிரியர் பேரு, வருசம், புத்தகத்துப் பேரு, பதிப்பகம். இந்த வரிசை மாறக் கூடாது," என்று இசக்கியம்மாள் சொல்லிக்கொண்டிருந்தாள். "இது நெட்டுல எடுத்தது. என்னைக்குப் பாத்தியோ அந்தத் தேதியையும் போடு. நாளைக்கே மாத்திருவான். இது யாரு சொன்னது? 'எங்கள் பகுதியில் பெண்பிள்ளைகள் கணக்குப் பாடத்தை விடுவது எட்டாம் வகுப்பில்தான்'னு எழுதியிருக்கியே?"

"அது எங்க சித்தி சொன்னதுக்கா. அவங்க சத்துணவுல வேலை பாக்காங்க."

"அப்போ சித்தி பேரைப் போடு."

"சித்தி சொன்னதுக்கெல்லாமா போடணும்?"

"சொன்னது அவங்கதான?"

அந்தப் பெண் தாள்களை அள்ளிக்கொண்டு போன பிறகுதான் இசக்கியம்மாள் வாசலைப் பார்த்தாள். உடனே எழுந்துவிட்டாள். முகம் சிவந்து, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் துப்பட்டாவைச் சரிசெய்தாள். கோபம் என்றுதான் குழல்வாய்மொழி நினைத்தாள்.

"வாட்டி," என்றாள் இசக்கியம்மாள். "உள்ள வா. நீ வருவன்னு நான் நெனைக்கவே இல்ல."

ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். கீழே குரல் கொடுத்து டீ சொன்னாள். எதிரே உட்கார்ந்தும் முகத்தைப் பார்க்காமல் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளாகவே பேசினாள்.

"நீ போன் பண்ணப்போ எல்லாம் நான் எடுக்கலை. என்னன்னு பேசன்னு தெரியல. ஒன் கட்டுரையைப் படிச்சிட்டு, அதையே நான் எழுதி வச்சிருக்கேன். வேணும்னு செய்யலட்டி. அதை மட்டும் நீ நம்பணும்."

குழல்வாய்மொழிக்கு முதலில் புரியவில்லை. "என்ன சொல்லுத?"

"பஸ்ல ஒங்கிட்ட நான்தான் சொன்னேன்னு எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு. கமிட்டிலயும் அப்பிடித்தான் சொன்னேன். ஆனா நீ ஞாபகம் இல்லன்னு சொன்னியா? நீ பொய் சொல்ல மாட்ட. அப்போ என் தலைதான் என்னமோ பண்ணியிருக்கு. ஒன் கட்டுரையைப் படிச்சதுக்கப்புறம், நானே சொன்ன மாதிரி ஒரு நெனப்பை அதுவா உண்டாக்கிக்கிட்டு." அவள் லேசாகச் சிரித்தாள். "அதுக்கப்புறம் எதையும் நான் நம்புறது இல்லட்டி. கேஸ் அடுப்பை அணைச்சமான்னு மூணு தடவை போய்ப் பாக்கேன். யாரு வந்து என்ன சொன்னாலும் உடனே எழுதி வச்சிருதேன், நேரத்தோட." மேசை மேல் கிடந்த தடித்த நோட்டைக் காட்டினாள்.

டீ வந்தது. குழல்வாய்மொழி தம்ளரைத் தொடவில்லை. ஆறு வருடமாக இவள் தன்னைத் திட்டிக்கொண்டிருப்பாள் என்று நினைத்திருந்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

இப்போது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். வாயைத் திறந்தாள்.

"ஒரு கையெழுத்து வேணும்," என்று வந்தது.

கருவியைப் பற்றிச் சொன்னாள். பேருந்தில் ஏதோ பேசிக்கொண்டது போலக் கருவி காட்டுகிறது என்றாள். அதற்காக இசக்கியம்மாள் பெயரையும் ஒரு இடத்தில் போடப் போவதாகச் சொன்னாள். சிவப்பு விளக்கைப் பற்றிச் சொல்லவில்லை. எழுதிய நேரத்து நிலையைப் பற்றிச் சொல்லவில்லை.

இசக்கியம்மாளின் கண் கலங்கியது. "எம்பேரையா? அவ்வளவு நடந்ததுக்கு அப்புறமுமா?" படிவத்தை வாங்கினாள். வாடிக்கையாளர் கொண்டுவரும் ஒவ்வொரு தாளையும் வரிவரியாகப் பார்ப்பவள், அதைப் படிக்கவே இல்லை. "எங்கன போடணும்?"

குழல்வாய்மொழி விரலால் இடத்தைக் காட்டினாள். இசக்கியம்மாள் கையெழுத்திட்டாள்.

*

பேருந்து கிளம்பியபோது அவளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பையை மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளே கையெழுத்தான படிவம். வேலை முடிந்தது. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லலாம்.

நடத்துநர் வந்து, "எங்கம்மா?" என்றார். அவர் இரண்டாவது முறையும் கேட்டார். அவளால் ஊர்ப் பெயரைச் சொல்ல முடியவில்லை. அழுகிறாள் என்று பார்த்ததும் அவர், "பரவால்ல, கொஞ்சம் கழிச்சு வாரேன்," என்று தள்ளிப் போனார். அந்த அன்பைக்கூட அவளால் தாங்க முடியவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டாள்.

வெயில் சுட்டது. மூன்று கிலோமீட்டரையும் நடந்தே திரும்பினாள். வழியில் சொல்ல வேண்டியதை ஒரு முறைகூட ஒத்திகை பார்க்கவில்லை. ஒத்திகை பார்த்தால் மறுபடி நல்லவள் மாதிரி ஏதாவது சொல்லிவிடுவோம் என்று பயமாக இருந்தது.

இசக்கியம்மாள் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். "என்னட்டி, பஸ்ஸை விட்டுட்டியா? உக்காரு, சேந்து சாப்பிடுவோம்."

குழல்வாய்மொழி உட்காரவில்லை. படிவத்தை எடுத்து மேசை மேல் வைத்தாள்.

"நீதான் சொன்ன. பஸ்ல. எனக்குத் தெரியும்."

"சரி, அதான் கருவி..."

"கருவி இல்ல. எனக்குத் தெரியும். எழுதுறப்பவும் தெரியும்."

இசக்கியம்மாள் கையிலிருந்த மூடியை மெதுவாகக் கீழே வைத்தாள். மின்விசிறிக் காற்றில் படிவம் நகர்ந்தது. அதன் மேல் கையை வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"கமிட்டில கேட்டாங்களே. அப்போ?"

"ஞாபகம் இருந்துச்சு."

"இன்னொரு தடவை சொல்லு."

"ஞாபகம் இருந்துச்சு இசக்கி. நீ என்னையே பாத்துக்கிட்டு இருந்த. எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்துச்சு."

இசக்கியம்மாள் அழவில்லை. தன் தலையின் ஒரு பக்கத்தை உள்ளங்கையால் தடவிக்கொண்டாள், அடிபட்ட இடத்தில் இன்னும் வலிக்கிறதா என்று பார்ப்பது போல.

"அப்போ எனக்கு ஒண்ணும் இல்ல," என்றாள் கடைசியில், தனக்கே சொல்வது போல. "என் தலை நல்லாத்தான் இருந்திருக்கு."

அதற்குப் பிறகு படிவத்தை எடுத்து, இந்த முறை, முதல் எழுத்திலிருந்து படித்தாள். மூல வகை: நேர்ப்பேச்சு. நினைவு நிலை: மறதி. மேசையிலிருந்த கத்தரிக்கோலால் தன் கையெழுத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு, மீதியை அவளிடம் தள்ளினாள்.

"வகையே தப்பு," என்றாள். கொஞ்ச நேரத்துக்கு முன் அந்த பி.எட். பெண்ணிடம் பேசிய அதே குரல். "நேர்ப்பேச்சுன்னு போட்டா பட்டியல்லயே வராது. ஓரமா அடைப்புக்குள்ள ஒரு தடவை வரும். அவ்வளவுதான். அப்புறம் யாரும் தேடிப்போய்ப் பாக்க முடியாது."

"அப்போ என்ன வகை?"

"வெளிவராத ஆய்வேடு. ஆசிரியர் இசக்கியம்மாள். தலைப்பு இருக்கு, வருசம் இருக்கு. நான்காம் இயல், நாப்பத்தேழாம் பக்கத்துல இருந்து எழுபத்தொண்ணு. ஒங்க துறை பீரோவுலதான் கெடக்கு."

"நிராகரிச்ச ஆய்வேட்டை மேற்கோள் காட்ட முடியாதே இசக்கி."

"முடியாது," என்றாள் அவள். "அந்த நிராகரிப்பை எடுத்தாத்தான் முடியும்."

அப்படி எடுக்க வேண்டுமென்றால் பழைய விசாரணையைத் திறக்க வேண்டும். திறந்தால், அன்று ஞாபகம் இல்லை என்று சொன்னது பொய் என்று குழல்வாய்மொழி எழுதிக் கொடுக்க வேண்டும். இருவருக்கும் அது தெரிந்திருந்தது. இசக்கியம்மாள் சாப்பாட்டு டப்பாவைத் தன் பக்கம் இழுத்துச் சாப்பிட ஆரம்பித்தாள். இந்த முறை அவளைக் கூப்பிடவில்லை.

*

குழல்வாய்மொழி எழுதிக் கொடுத்தாள். ஒன்றரைப் பக்கம். ஒரே மூச்சில் எழுதிப் பழகியவளுக்கு அதை எழுத நாலு நாள் ஆனது.

குழு கூடியபோது தெய்வசிகாமணியும் உட்கார்ந்திருந்தார், இந்த முறை மேசையின் இந்தப் பக்கம், அவள் அருகில். அவர் அவளிடம் பேசவில்லை. புதிய தலைவராக இருந்த அம்மையார் அவள் கடிதத்தை உரக்க வாசித்தார். தன் வாக்கியங்களை இன்னொருவர் குரலில் கேட்டபோது குழல்வாய்மொழிக்குத் தரையைத் தவிர வேறெங்கும் பார்க்க முடியவில்லை. வாசித்து முடித்துவிட்டு, "ஆறு வருஷம் ஏன் சொல்லலை?" என்று அவர் கேட்டார். "முதல் நாளே சொல்லலை. ரெண்டாம் நாள் சொல்றது அதைவிடக் கஷ்டமா இருந்துச்சு மேடம்," என்றாள். அதையும் குறித்துக்கொண்டார்கள்.

ஆய்வேடு திருப்பி அனுப்பப்பட்டது. கட்டுரையை இதழ் நீக்கியது. உதவிப் பேராசிரியர் வேலை, வரிசையில் அடுத்து இருந்தவருக்குப் போனது. தென்காசியில் அப்பா அவளோடு ஒரு மாதம் பேசவில்லை. பிறகு பேசியபோதும் அதைப் பற்றிப் பேசவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. வள்ளியூரில் ஒரு பள்ளியில் அவளுக்கு அறிவியல் ஆசிரியை வேலை கிடைத்தது.

இசக்கியம்மாளின் ஆய்வேட்டின் மீதிருந்த நிராகரிப்பு முத்திரையை எடுக்க ஐந்து மாதம் ஆனது. ஆனால் புதிய சட்டப்படி, பட்டம் வாங்குவதற்கு முன் அவளும் மூலங்காணியில் உட்கார வேண்டும் என்றார்கள். கடையைப் பூட்டிவிட்டு வந்து இரண்டு நாள் வாசித்தாளாம். ஜோஸ்பின் அக்கா போனில் சொன்னாள்.

"தவளை வாக்கியத்துக்கு என்ன வந்துச்சு தெரியுமா? 'சொந்தம்'. அந்தப் பிள்ளை திரையையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. எழுந்திரிக்கவே இல்ல."

அதற்கு அடுத்த வாரம், பள்ளியில் மதிய இடைவேளையில், குழல்வாய்மொழியின் கைப்பேசிக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. ஆய்வாளர்: இசக்கியம்மாள். நான்காம் இயலின் முதல் வாக்கியத்துக்கு மூலமாக உள்ளவரின் சம்மதம் கோரப்பட்டிருந்தது. அந்த வாக்கியம் ஒரு கேள்வி: 'சுற்றியுள்ள எல்லாக் கிணற்றிலும் சத்தம் கேட்கும்போது இந்தக் கிணறு மட்டும் ஏன் அமைதியாக இருக்கிறது?'

மூல வகை: நேர்ப்பேச்சு. கேள்வியைக் கேட்டவர்: குழல்வாய்மொழி. இடம்: கிணற்றடி. நினைவு நிலை: நினைவில் உள்ளது.

அவள் எவ்வளவோ யோசித்துப் பார்த்தாள். அந்தப் பேருந்தில் ஏறுவதற்கு முன், அன்று காலை ஒரு கிணற்றில் மாதிரிக்குத் தண்ணீர் எடுத்தது தெரிந்தது. வெயில் தெரிந்தது. தான் ஏதாவது கேட்டதாகத் தெரியவில்லை.

இசக்கியம்மாளின் எண்ணுக்கு அழைத்தாள். இந்த முறை எடுத்தாள். பின்னால் அச்சு இயந்திரம் ஓடும் சத்தம்.

"படிவம் வந்துச்சா?"

"வந்துச்சு. இசக்கி, நான் இதைக் கேட்டதா எனக்கு ஞாபகமே இல்லட்டி."

"எனக்கு இருக்கு."

"வெறும் கேள்விதான? இதை நீ விட்டிருக்கலாம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அந்தப் பக்கம் இயந்திரம் ஒரு தாளை முழுதாகத் துப்பி முடித்தது.

"ஒனக்கு ஞாபகம் இருக்கான்னு அதுல கேக்கல," என்றாள் இசக்கியம்மாள். "சம்மதமா இல்லையான்னுதான் கேட்டிருக்கு."

"சம்மதம்."

"சரி. அஞ்சு மணிக்குள்ள போட்டுரு. நாளைக்கு நான் கொடுக்கணும்."

வைத்துவிட்டாள். குழல்வாய்மொழி கைப்பேசியில் படிவத்தின் கடைசிக்கு நகர்த்தினாள். கையெழுத்திடும் இடத்துக்கு மேலே, மூலம் தந்தவருக்கும் ஆய்வாளருக்கும் உள்ள உறவு என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் இசக்கியம்மாள் நிரப்பியிருந்தாள்: உடன் படித்தவர்.

அதை இரண்டு முறை படித்துவிட்டு, அதற்குக் கீழே கையெழுத்திட்டாள்.